இரண்டு பேச்சு: புளியங்குடி வட்டார பீடித் தொழிலில் வணிக முடிவும் முதலாளியின் பொறுப்பும்

பீடி முதலாளிகள் நீதிமன்றத்தில் பேசும் பேச்சு ஒன்று, டெல்லியில் பேசும் பேச்சு வேறொன்று. வருங்கால வைப்பு நிதி கேட்டு வழக்கு வந்தால், வீட்டில் உட்கார்ந்து பீடி சுற்றும் பெண் தங்கள் தொழிலாளியே அல்ல என்று வாதம் வைக்கப்படும். அவள் கடைக்காரரிடம் இலை வாங்குகிறாள், கடைக்காரர் தனி வியாபாரி, எங்களுக்கும் அவளுக்கும் நேரடித் தொடர்பு இல்லை என்பார்கள். பாக்கெட்டில் எச்சரிக்கைப் படம் பெரிதாகிறது, வரி ஏறுகிறது என்ற செய்தி வந்துவிட்டால் அதே பெண் மனுவின் முதல் பத்தியிலேயே வந்து உட்கார்ந்துவிடுவாள். ஏறத்தாழ 50 லட்சம் ஏழைத் தொழிலாளர்களின் வீட்டில் எங்களால்தான் அடுப்பு எரிகிறது என்று அந்த மனு தொடங்கும்.

வணிக அறத்தைப் பற்றிய பாடநூல்கள் பெரும்பாலும் ஒரு மேலாளரை மேசைக்குப் பின்னால் உட்காரவைத்து அவருக்கு முன்னால் ஓர் இக்கட்டை வைக்கும். ஆலையை மூடுவதா, ஆட்களைக் குறைப்பதா, லாபத்தை விடுவதா? முடிவெடுப்பவர் யார் என்பதில் அங்கே குழப்பமே இல்லை. பீடித் தொழிலில் அந்த மேசையைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். முதலாளி, ஏஜென்ட், கடைக்காரர், கணக்குப்பிள்ளை என்று பொறுப்பு கைமாறிக் கைமாறிக் கடைசியில் சுற்றுகிறவளின் மடியிலேயே வந்து விழும்படி தொழில் அமைந்திருக்கிறது. அந்த அமைப்பு தானாக வந்ததில்லை. அதுவும் ஒரு வணிக முடிவுதான், மற்ற முடிவுகளுக்கெல்லாம் மூத்த முடிவு. தொழிலாளியின் வாழ்வாதாரத்தைத் தன் தரப்பு வாதமாக ஒரு நிறுவனம் அரசிடம் எடுத்துச் செல்லும் அக்கணமே, அவள் பெயரைத் தன் பதிவேட்டில் ஏற்கும் கடமையும் அதற்கு வந்துவிடுகிறது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

புளியங்குடியை வெளியூர்க்காரர்கள் எலுமிச்சையால் அறிவார்கள். சங்கரன்கோவிலுக்கு மேற்கே, மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், மதுரை–தென்காசி சாலையில் இருக்கும் இந்த நகராட்சியின் எலுமிச்சைச் சந்தை கேரளம் வரை பெயர் பெற்றது. 2025இல் புளியங்குடி எலுமிச்சைக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. பழத்துக்கு ஊர்ப் பெயர் கிடைத்துவிட்டது. அதே தெருக்களில் சுற்றப்படும் பீடியோ யாரோ ஒரு முதலாளியின் லேபிளை ஒட்டிக்கொண்டு வெளியூருக்குப் போகிறது. வாசுதேவநல்லூர், புளியங்குடி, கடையநல்லூர், தென்காசி, முக்கூடல், மேலப்பாளையம் என்று பழைய திருநெல்வேலி மாவட்டம் முழுவதும் பரவிக் கிடக்கும் தொழில் இது. கைத்தறி படுத்த ஊர்களில், தறிக்குழியிலிருந்து எழுந்த குடும்பங்களைப் பீடித்தட்டு பிடித்துக்கொண்டது. வயலில் வேலை இல்லாத மாதங்களில் கூலி விவசாயக் குடும்பங்களும் சேர்ந்துகொண்டன. பெண் பார்க்கப் போனவர்கள் பெண்ணுக்குப் பீடி சுற்றத் தெரியுமா, பீடிக் கணக்குப் பாஸ்புக் இருக்கிறதா என்று விசாரித்த காலம் இப்பக்கம் உண்டு. அந்த ஒரு கேள்வியே இத்தொழிலின் உள்ளூர் மதிப்பைச் சொல்லிவிடும்.

வேலை பார்க்க எளிதாகத் தெரியும், உண்மையில் அப்படியில்லை. மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர், ஒடிசா காடுகளிலிருந்து வரும் பீடி இலையைத் தண்ணீரில் நனைத்து, ஈரம் தோய்ந்ததும் தகர அளவை வைத்துக் கத்தரியால் வெட்ட வேண்டும். காம்பும் தடித்த நரம்பும் கழிந்துபோகும். சுளவை மடியில் வைத்து, வெட்டிய இலையில் புகையிலைத் தூளைப் பரப்பி, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் உருட்டி, நூல் சுற்றி, தலையை மடித்து அமுக்கினால் ஒரு பீடி. கட்டுக்குப் பெரும்பாலும் 25. ஆயிரத்துக்கு 40 கட்டு. கூலி பேசுவதெல்லாம் ஆயிரக்கணக்கில்தான். இலை நனைக்கவும் வெட்டவும் ஆகும் நேரம் அந்த ஆயிரத்துக்குள் அடக்கம். அதைத் தனியாகக் கேட்டால் கடையில் சிரிப்பார்கள்.

பீடிக் கடையில் ஒரு சாயங்காலம் நின்று பார்த்தால் இத்தொழிலின் அறச் சிக்கல் முழுவதும் கண் முன்னால் நடக்கும். ஒயர்க் கூடையில் கட்டுகளை அடுக்கிக்கொண்டு பெண்கள் வரிசையில் நிற்பார்கள். உள்ளே இருப்பவர் ஒரு கட்டைப் பிரிப்பார், விரலால் அமுக்குவார், வாயை நோக்குவார், சிலவற்றை ஓரமாகத் தள்ளுவார். “நூல் நிக்கலையே தாயி, தலையும் மடங்கலை.” “இலை அப்படித்தான அண்ணாச்சி குடுத்திய, ஓட்டை இலைய வச்சு நான் என்ன செய்ய?” இந்த வாக்குவாதத்துக்கு முடிவு ஒன்றுதான். தள்ளியது தள்ளியதுதான். தள்ளிய பீடி கழிவு, அதற்குக் கூலி கிடையாது. ஆனாலும் அந்தப் பீடி குப்பைக்குப் போவதில்லை என்பது வரிசையில் நிற்கும் அத்தனை பேருக்கும் தெரியும்.

கழிவு இப்படியென்றால் இலைக் குறைவு இன்னொரு பக்கம். ஆயிரம் பீடிக்கென்று கொடுக்கும் இலையில் 900தான் தேறுகிறது என்று வைத்துக்கொள்வோம். மீதி 100க்கு இலையைச் சுற்றுகிறவளே காசு கொடுத்து வாங்க வேண்டும். இல்லையென்றால் ஆயிரம் நிறையாது. காட்டில் மழை பெய்து இலை கெட்டுப்போனது, ஏலத்தில் விலை ஏறியது, லாரி தாமதமானது என எந்த ஆபத்தும் முதலாளியின் கணக்கில் நிற்காமல் படிப்படியாகக் கீழே இறங்கி, ஒருத்தியின் நாள் கூலியில் போய்க் கழிந்துகொள்கிறது. வணிகத்தில் ஆபத்தை ஏற்பவருக்கே லாபம் உரியது என்று ஒரு பழைய நியாயம் சொல்வார்கள். அந்த நியாயப்படி பார்த்தால் இத்தொழிலில் லாபம் போய்ச் சேர வேண்டிய முகவரியே வேறு.

இதெல்லாம் சட்டம் இல்லாததால் வந்த குறை என்று யாரும் சொல்லிவிட முடியாது. சென்னை மாகாணத்தின் தொடர்ச்சியாக நின்ற இம்மாநிலம் 1958லேயே பீடிக் கூடங்களுக்கென்று தனிச் சட்டம் போட்டது. கூடத்துக்கு விதி வந்ததும் வேலை கூடத்தை விட்டு வீட்டுக்கு நகர்ந்தது. ஒரு மாநிலம் சட்டம் போட்டால் தொழில் பக்கத்து மாநிலத்துக்கு நடந்தது. இப்படி இடம் மாறிக்கொண்டே இருக்கும் தொழிலை மாநிலச் சட்டத்தால் பிடிக்க முடியாது என்பதால்தான் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டத்தை 1966இல் நாடாளுமன்றம் நிறைவேற்றியது. வீட்டில் சுற்றுவதற்காக முதலாளியிடமோ ஒப்பந்தக்காரரிடமோ மூலப்பொருள் பெறுபவரும் தொழிலாளியே என்று அது தெளிவாகச் சொன்னது. நடுவில் எத்தனை பேர் நின்றாலும் யாருக்காக வேலை நடக்கிறதோ அவரே முதன்மை முதலாளி என்றது. கூடவே ஒரு வாசலையும் திறந்து வைத்தது. தன் வீட்டில், தன் குடும்பத்தாருடன், சொந்தமாகப் பீடி செய்பவருக்கு இச்சட்டம் பொருந்தாது என்றது. சிறு கைவினைஞரைக் காப்பாற்ற வைத்த விலக்கு அது. பெரிய லேபிள்காரர்கள் அந்த வாசல் வழியாகத்தான் வெளியேறினார்கள். இலையையும் தூளையும் பெண்ணுக்கு “விற்பது”, சுற்றிய பீடியை அவளிடமிருந்து “வாங்குவது” என்று ஏட்டில் எழுதிக்கொண்டால் கூலி என்ற பேச்சே எழாது. அவள் ஒரு வியாபாரி ஆகிவிடுகிறாள். சரக்கை வேறு யாருக்கும் விற்க முடியாத வியாபாரி.

நீதிமன்றங்கள் இந்த ஏற்பாட்டை நம்பவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். சேலம் பீடித் தொழிலாளர் சங்கத்துக்கும் திவான் மொகிதீன் சாகிப் அண்டு சன்ஸ் நிறுவனத்துக்கும் நடந்த வழக்கு 1964இல் உச்ச நீதிமன்றத்தில் முடிந்தது. நடுவில் நின்ற ஒப்பந்தக்காரர்கள் கையில் முதல் இல்லாதவர்கள், முதலாளியின் கிளை மேலாளர்களைப் போன்றவர்கள், ஒப்பந்த முறை என்பது வெறும் மறைப்பு என்ற முடிவை நீதிமன்றம் ஏற்றது. 1966ஆம் ஆண்டுச் சட்டமே செல்லாது என்று மங்களூர் கணேஷ் பீடி உள்ளிட்ட நிறுவனங்கள் போட்ட வழக்கு 1974இல் தோற்றது. வீட்டில் சுற்றுகிறவர்களுக்கும் வைப்பு நிதி உண்டா என்ற கேள்வி பி.எம். படேல் அண்டு சன்ஸ் வழக்கில் வந்தது. மேற்பார்வையாளர் இல்லை, வேலை நேரம் இல்லை, தொழிற்கூடமே இல்லை, பிறகு எப்படி அவர்கள் எங்கள் தொழிலாளர்கள் என்று முதலாளிகள் கேட்டார்கள். 1980களின் நடுவில் உச்ச நீதிமன்றம் சொன்ன பதில் இத்தொழிலை அறிந்தவர்களை நிமிர்ந்து உட்கார வைத்தது. தரமில்லை என்று பீடியைத் தள்ளும் உரிமை உங்கள் கையில் இருக்கிறது, அந்த உரிமையே போதுமான கண்காணிப்பும் கட்டுப்பாடும் ஆகும் என்றது நீதிமன்றம்.

இந்தத் தீர்ப்பின் நுட்பம் சட்டப் புத்தகத்துக்கு வெளியிலும் பயன்படும். பீடிக் கடை வரிசையில் நிற்பவள் எதை மிகவும் வெறுக்கிறாளோ, அந்தக் கழிவே அவளுடைய உரிமைக்குச் சாட்சியாகிவிட்டது. ஓரமாகத் தள்ளும் அந்த விரல் கடைக்காரருடையதாக இருக்கலாம். தர அளவு வகுத்தது லேபிளின் சொந்தக்காரர். அறப் பொறுப்பையும் இப்படித்தான் தேட வேண்டும். யார் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார் என்று பார்த்தால் யாரும் அகப்படமாட்டார்கள். யாருக்கு வேண்டாம் என்று சொல்லும் அதிகாரம் இருக்கிறது என்று பார்த்தால் ஆள் உடனே அகப்படுவார்.

1991இல் தமிழ்நாட்டின் மாவட்ட பீடித் தொழிலாளர் சங்கம் ஒன்றின் செயலாளர் ராஜாங்கம் தொடுத்த வழக்கிலும் உச்ச நீதிமன்றம் சட்டங்களைக் கண்டிப்பாக நடைமுறைப்படுத்தச் சொன்னது. குழந்தைகளை இத்தொழிலிலிருந்து விலக்கவும், தொழிலாளர்களுக்குக் காப்பீடு செய்யவும் உத்தரவிட்டது. இத்தனை தீர்ப்புகளும் ஒரே பக்கம் நிற்க, புளியங்குடி போன்ற ஊர்களில் ஒரு வீட்டில் மூன்று பேர் சுற்றி ஒரே பாஸ்புக்கில் பதியும் வழக்கம் எப்படித் தொடர்ந்தது? தாயின் பெயரில் புத்தகம், மகளும் மருமகளும் அதற்குள் மறைந்த கைகள். வைப்பு நிதி ஒருத்திக்குத்தான் கட்ட வேண்டும் என்பதால் கடைக்கு இது வசதி. கூலி எப்படியும் வீட்டுக்குத்தானே வருகிறது என்று வீட்டாருக்கும் பெரிய வருத்தம் இல்லை. வருத்தம் தெரிவது 20 ஆண்டு கழித்து. தாயின் கணக்கிலிருந்து ஓய்வூதியம் வரும், அதுவும் 2014இல் நிர்ணயித்த குறைந்தபட்சமான மாதம் 1,000 ரூபாய் அளவில். அதே அளவு பீடி சுற்றிய மகளுக்கு அதுவும் இல்லை. பாஸ்புக்கில் ஒரு பெயர், ஆதாரில் வேறு எழுத்து, பிறந்த தேதியில் கோளாறு என்று அலையும் பெண்களின் கதை தனி.

இந்த இடத்தில் முதலாளி தரப்பின் நியாயத்தையும் கேட்க வேண்டும். அதைத் தள்ளிவிட்டு எழுதினால் கட்டுரை சங்க நோட்டீஸ் ஆகிவிடும். ஒரு நிறுவனம் தன் வட்டாரத்தில் சுற்றும் எல்லாப் பெண்களின் பெயரையும் பதிந்து, வைப்பு நிதியும் போனஸும் விடுப்புச் சம்பளமும் கொடுக்கிறது. பக்கத்து ஊரில் பெயர் தெரியாத லேபிள்காரர் எதையும் பதியாமல், ஆயிரத்துக்கு நான்கு ரூபாய் அதிகக் கூலி ரொக்கமாகக் கொடுக்கிறார். கையில் வரும் ரொக்கத்துக்காகச் சில பெண்கள் அங்கே போவார்கள். அவருடைய கட்டு கடையில் மலிவாகவும் விற்கும். நேர்மையான நிறுவனம் இப்போது என்ன செய்யும்? பதிந்த பெண்களுக்குக் கொடுக்கும் இலையைக் குறைத்து, பதியாத வழியில் கொஞ்சம் சுற்றவைக்கும். தனி ஒரு முதலாளி நல்லவராக இருந்து தீர்க்கக்கூடிய சிக்கல் இல்லை இது என்பது உண்மை.

ஆனால் இந்தப் போட்டிக்கு வழி வெட்டியவர்களில் பெரிய நிறுவனங்களும் உண்டு. கலால் வரி இருந்த காலத்தில் ஆண்டுக்கு 20 லட்சம் பீடிக்குள் செய்பவருக்கு வரிவிலக்கு இருந்தது. நாளுக்கு 800 வீதம் ஆண்டில் 250 நாள் ஒரு பெண் சுற்றினால் 2 லட்சம் பீடி. ஆக 20 லட்சம் என்பது பத்துப் பெண்களின் உழைப்பு. பத்துப் பெண்களை வைத்து ஒரு பீடித் தொழிலை லாரி, லேபிள், விற்பனையாளர் சகிதம் நடத்த முடியுமா என்று எந்தப் பெட்டிக்கடைக்காரரைக் கேட்டாலும் பதில் சொல்வார். மைத்துனர் பெயரில் ஒன்று, மருமகன் பெயரில் ஒன்று என்று பெரிய உற்பத்தியைச் சிறு சிறு பெயர்களாக அறுத்து வைத்ததால்தான் அந்த வரம்பு அவ்வளவு பயன்பட்டது. தான் பிரித்துப் போட்ட துண்டுகளே தன்னோடு போட்டி போடுகின்றன என்று ஒருவர் முறையிட்டால் அதற்கு எவ்வளவு செவி சாய்ப்பது?

கண்ணூர் அனுபவம் இங்கே பேசப்பட வேண்டியது. 1966ஆம் ஆண்டுச் சட்டத்தைக் கேரள அரசு நடைமுறைப்படுத்தத் தொடங்கியதும், 1968 அக்டோபரில் மங்களூர் கணேஷ் பீடி முதலிய நிறுவனங்கள் கண்ணூர்ப் பகுதியில் தொழிலை மூடிக்கொண்டு போயின. ஏறத்தாழ 12,000 பேர் வேலை இழந்தார்கள். சட்டத்தை மீறவில்லை, சட்டம் இருக்கும் இடத்தில் நாங்கள் இல்லை, அவ்வளவுதான் என்பது அந்த முடிவின் பொருள். வணிகக் கணக்கில் அதில் பிழை காட்ட முடியாது. 1970இல் மில்ட்டன் ஃப்ரீட்மன் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையின்படி, விதிகளுக்குள் நின்று லாபத்தைப் பெருக்குவதே நிறுவனத்தின் சமூகப் பொறுப்பு. விதி இல்லாத இடத்தைத் தேடிப் போவதும் விதிகளுக்குள் நிற்பதுதானா என்ற கேள்விக்கு அந்தக் கட்டுரையில் பதில் இல்லை. கண்ணூர்த் தொழிலாளர்கள் 1969இல் தினேஷ் பீடி என்ற கூட்டுறவைத் தொடங்கினார்கள். சட்டக் கூலியும் விடுப்பும் வைப்பு நிதியும் கொடுத்து அது 1980களில் 40,000 பேருக்கு மேல் வேலை தந்தது. சட்டப்படி நடத்தினால் பீடித் தொழில் பிழைக்காது என்ற வாதத்துக்குப் பல பத்தாண்டுகள் அது நேர்ப் பதிலாக நின்றது. புகைப்பவர்கள் குறையத் தொடங்கியதும் 1990களின் பிற்பகுதியில் குடை, உணவுப் பொருள், மென்பொருள் என்று வேறு தொழில்களில் இறங்கியது. பீடியில் இருந்த அளவு ஆட்களை அங்கே எடுக்க முடியவில்லை. ஆனாலும் தொழில் தேயப்போகிறது என்பதைக் கணக்கில் எடுத்துத் திட்டமிட்ட ஒரே பெரிய பீடி நிறுவனமாக அதைச் சொல்லலாம். அங்கே தொழிலாளியின் பெயர் ஏட்டில் இருந்தது. முதலாளி என்று ஒருவர் தனியாக இல்லாததால் அதை மறைக்க வேண்டிய தேவையும் இல்லை.

தொழில் தேய்கிறது என்பதுதான் புளியங்குடிக்கு இனி முக்கியமான செய்தி. பீடி ஒரு நச்சுப் பொருள். அதைப் புகைப்பவரில் பெரும்பாலோர் சுற்றுகிறவளைப் போலவே ஏழைகள். ஒரு ஏழை வீட்டின் அடுப்பு இன்னொரு ஏழையின் நுரையீரலால் எரிவதை நியாயப்படுத்தும் அறநூல் எதுவும் இல்லை. சுற்றுகிறவளும் நாள் முழுக்கத் தூளையே சுவாசித்துக் கழுத்திலும் இடுப்பிலும் வலியோடு எழுகிறாள். 2003இல் புகையிலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் புகையிலைக் கட்டுப்பாட்டு உடன்படிக்கையை இந்தியா 2004இல் ஏற்றது. அந்த உடன்படிக்கையின் 17ஆவது பிரிவு புகையிலைத் தொழிலாளர்களுக்கு மாற்று வாழ்வாதாரத்துக்கு வழி செய்ய வேண்டும் என்கிறது. எச்சரிக்கைப் படம் பாக்கெட்டில் 85 விழுக்காடு இடத்தைப் பிடிக்க வேண்டும் என்ற விதி 2016 ஏப்ரலில் வந்தபோது சிகரெட் நிறுவனங்கள் ஆலைகளைத் தற்காலிகமாக மூடின, பீடி முதலாளிகளும் உற்பத்தியை நிறுத்திப் பார்த்தார்கள். அந்த விதியைப் பரிசீலித்த நாடாளுமன்றக் குழுவில் பீடி வணிகம் செய்த அலகாபாத் உறுப்பினர் ஷியாமா சரண் குப்தாவும் இருந்தார் என்பது அப்போது பெரிய சர்ச்சையானது. உற்பத்தி நிறுத்தத்தின் நியாயமாகச் சொல்லப்பட்டது தொழிலாளர் நலன். அந்த நாட்களில் இலை கிடைக்காமல் கூலி இழந்தவர்களும் அதே தொழிலாளர்கள்தான்.

ஒரு தொழில் மூடப்படும் விதத்தில் உள்ள வேறுபாட்டைக் காண நெல்லைச் சீமையை விட்டு வெளியே போக வேண்டியதில்லை. மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத்தைப் பம்பாய் பர்மா டிரேடிங் நிறுவனம் சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 1929இல் 99 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்தது. கூலி உயர்வு கேட்டு அத்தோட்டத் தொழிலாளர்கள் நடத்திய ஊர்வலத்தின் மீது 1999 ஜூலை 23 அன்று நடந்த தடியடியில் தாமிரபரணியில் 17 பேர் மாண்டார்கள். குத்தகை 2028இல் முடிய இருக்கையில், 2024இல் நிறுவனம் விருப்ப ஓய்வுத் திட்டத்தை அறிவித்து வெளியேற முற்பட்டது. தலைமுறைகளாக அங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள் மலையை விட்டு இறங்கச் சொல்லப்பட்டார்கள். அது கொடுமைதான். இருந்தாலும் அங்கே ஒரு நிறுவனத்துக்குப் பெயர் இருந்தது, மூடும் முடிவுக்குத் தேதி இருந்தது, ஆட்களுக்குப் பட்டியல் இருந்தது. அதனால்தான் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் வழக்காடவும், மறுவாழ்வுக்கு அரசிடம் கோரிக்கை வைக்கவும் முடிந்தது.

பீடிக்கு அப்படி ஒரு தேதி வராது. ஆயிரத்துக்கு இலை கொடுத்த கடை, ஆடி மாதம் எழுநூற்றுக்குக் கொடுக்கும். பிறகு வாரத்தில் நான்கு நாள், பிறகு மூன்று நாள். “சரக்கு ஓடலை தாயி, முதலாளி சொல்லிட்டாரு” என்ற ஒரு வரியோடு பேச்சு முடிந்துவிடும். யாரையும் வேலையை விட்டு நீக்கவில்லை, ஆட்குறைப்பு அறிவிப்பு இல்லை, இழப்பீடு என்ற பேச்சுக்கே இடமில்லை. மூடுவிழா இல்லாமல் மூடப்படும் தொழில் இது. அமெரிக்கத் தத்துவ அறிஞர் ஐரிஸ் மேரியன் யங், அவர் மறைந்த பின் 2011இல் வெளிவந்த நூலில், யாரும் தனியாகத் தவறு செய்யாமலே அநீதி விளையும் அமைப்புகளைப் பற்றி எழுதினார். அத்தகைய அமைப்பில் பங்கு உள்ள ஒவ்வொருவரும் தத்தம் அதிகாரத்துக்கும் ஆதாயத்துக்கும் ஏற்பப் பொறுப்பேற்க வேண்டும் என்பது அவர் கருத்து. பீடித் தொழிலுக்கு இது பாதிதான் பொருந்தும். கடைக்காரரும் வீட்டாரும் அரசும் அவரவர் பங்குக்குப் பொறுப்பாளிகள் என்பது சரி. ஆனால் இங்கே அமைப்பு தானாக விளைந்ததில்லை என்பதற்கு 1964 முதல் தீர்ப்புகள் இருக்கின்றன. மறைப்பு என்று தெரிந்தே நெய்யப்பட்ட ஒன்றை எல்லாருடைய பொறுப்பும் என்று பங்கிட்டுவிட்டால் நெய்தவர் தப்பிவிடுவார்.

அரசின் பங்கும் சிறியதில்லை. 1976இல் ஏற்பட்ட பீடித் தொழிலாளர் நல நிதி, உற்பத்தியான பீடியின் மீது மேல்வரி விதித்து அதைக் கொண்டு மருத்துவமனை, வீடு, பிள்ளைகளின் கல்வி உதவித்தொகை என்று செலவிட்டது. முக்கூடலில் உள்ள பீடித் தொழிலாளர் மருத்துவமனை இந்த ஏற்பாட்டின் வழி வந்ததே. சரக்கு, சேவை வரி வந்த 2017இல் அந்த மேல்வரி நீக்கப்பட்டது. நலத் திட்டங்கள் பொது வரவு செலவின் தயவுக்கு மாறின. பீடி ஒவ்வொன்றிலும் சுற்றியவளுக்கென்று ஒரு சிறு பங்கு ஒதுங்கிய ஏற்பாடு அதோடு முடிந்தது. மேல்வரி போனதற்கு முதலாளிகள் யாரும் ஊர்வலம் போகவில்லை.

பெண்களே வீட்டு வேலையைத்தான் விரும்புகிறார்கள், கூடத்துக்கு வரச் சொன்னால் வரமாட்டார்கள் என்று ஒரு சமாதானம் அடிக்கடி சொல்லப்படும். அதில் உண்மை இருக்கிறது. பிள்ளையைத் தொட்டிலில் ஆட்டிக்கொண்டே, உலையில் அரிசி கொதிக்கும்போதே சுற்றலாம் என்பது சிறிய வசதியில்லை. வெளியே வேலைக்கு அனுப்பாத வீடுகளிலும் இத்தொழில் பெண்ணின் கையில் காசைக் கொடுத்திருக்கிறது. ஆனால் வீட்டில் சுற்ற விரும்புவதும் பெயரில்லாமல் சுற்ற விரும்புவதும் ஒன்றில்லை. முதல் விருப்பத்தைக் காட்டி இரண்டாவதையும் அவள் தலையில் கட்டுவதுதான் இத்தொழிலில் அறுபது ஆண்டாக நடக்கும் வேலை.

முதலாளிகளின் இரண்டு பேச்சில் எதைப் பிடித்துக்கொள்வது என்றால், டெல்லிப் பேச்சையே பிடித்துக்கொள்ளலாம். 50 லட்சம் பேரின் வாழ்வாதாரம் என்று மனுவில் எழுதுகிறவர், அந்த எண்ணிக்கையில் தன் லேபிளுக்கு உரிய பங்கைப் பெயர்வாரியாக இணைக்கட்டும். இணைத்த பெயர்களுக்கு வைப்பு நிதி இருக்கிறதா என்று அரசு பார்க்கட்டும். பட்டியல் இல்லாத மனுவை வாழ்வாதார வாதமாக எடுத்துக்கொள்ளாமல் வெறும் வணிக நலன் வாதமாக மட்டும் எடைபோடட்டும். சிறிய லேபிள்காரருக்கு இது சுமை என்றால், ஒரு வட்டாரத்துக் கடைகள் எல்லாம் சேர்ந்து ஒரே பதிவேடு வைக்கலாம். எந்தக் கடையில் போட்டாலும் கணக்கு பெண்ணின் பெயரில் ஏறும். ரொக்கத்துக்காகக் கடை மாறுகிறவளின் வைப்பு நிதியும் அறுபடாது, பதியாதவருக்குக் கிடைக்கும் விலை லாபமும் குறையும். ஒரே வீட்டில் மூன்று பேர் சுற்றினால் மூன்று பெயர். கூட்டுப் பதிவேட்டுக்குக் கடைக்காரர்கள் முதலில் இணங்கமாட்டார்கள். கழிவையும் இலைக் குறைவையும் அதே ஏட்டில் எழுத வேண்டிவரும் என்பதே காரணம்.

2025இல் இரண்டு மாற்றங்கள் வந்தன. செப்டம்பர் 22 முதல் பீடி இலையின் மீதான சரக்கு, சேவை வரி 18 விழுக்காட்டிலிருந்து 5 ஆக இறங்கியது; பீடியின் மீதான வரியை 28லிருந்து 18 ஆக இறக்கவும் அப்போதே முடிவாகி, அது 2026 பிப்ரவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. மற்றப் புகையிலைப் பொருள்களுக்கு 40 விழுக்காடு என்று முடிவான நேரத்தில் பீடிக்கு மட்டும் கிடைத்த சலுகை இது, அதற்கும் தொழிலாளர் நலனே நியாயமாகப் பேசப்பட்டது. 2025 நவம்பர் 21 அன்று நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தன. 1966ஆம் ஆண்டுச் சட்டம் அவற்றில் ஒன்றுக்குள் கரைந்தது. சொந்த வீட்டில் சொந்தமாகச் சுற்றுகிறவருக்குப் பொருந்தாது என்ற பழைய விலக்கும் கூடவே இடம் மாறி வந்திருக்கிறது. வரிக் குறைப்போடு பெயர்ப் பதிவு பற்றிய நிபந்தனை எதுவும் சேர்க்கப்படவில்லை. பீடியில் இறங்கிய 10 விழுக்காடும் இலையில் இறங்கிய 13 விழுக்காடும் யார் கணக்கில் நிற்கின்றன என்று அடுத்த கூலிப் பேச்சில் சங்கங்கள் கேட்கலாம். கேட்பதற்கு முன், புளியங்குடியின் ஒவ்வொரு கடையிலும் மாதம் எத்தனை ஆயிரம் பீடி சேர்கிறது, அதற்கு எத்தனை பெயர் பதிவாகியிருக்கிறது என்ற இரண்டு எண்களும் அவர்கள் கையில் இருக்க வேண்டும்.